வலி மாத்திரையும் கொப்பரைக் களத்து வெயிலும்

கேள்வி: அம்மாவுக்கு 62 வயதுங்க, மூட்டுத் தேய்மானம். பிரஷர் மாத்திரையோடு, மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் தினமும் போட்டுக்கொண்டு களத்து வேலைக்குப் போகிறார். கேஸ் மாத்திரையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறார். பயமில்லைதானே? – வாசகர், காங்கேயம்

பதில்: பயம் இருக்கிறது. கேஸ் மாத்திரை வயிற்றுப் புண்ணைத்தான் தடுக்கும்; சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அது காவல் இல்லை. டைக்ளோஃபெனாக் வலியைக் குறைப்பது உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரப்பதை அடக்கித்தான். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே புரோஸ்டாகிளாண்டின். வெயிலில் கொப்பரை புரட்டி வியர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காத நாளில் இந்த மாத்திரை உள்ளே போவதுதான் என் பெரிய கவலை. பிரஷருக்கான சில மருந்துகள் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். வயிறு தப்பினாலும் இதயம் தப்பும் என்று சொல்ல முடியாது: வயிற்றுக்கு இதமானது என்று விற்கப்பட்ட ரோஃபெகாக்ஸிப் என்ற வலி மாத்திரை, மாரடைப்பு அபாயத்தால் 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

ஊசி போட்டால் வயிற்றுக்குத் தொந்தரவில்லை என்பார்கள். அதுவும் ரத்தத்தில் கலந்துதான் வேலை செய்கிறது, வயிறு தப்பாது. அதற்காக வலியோடு நடக்கச் சொல்வதும் நியாயமில்லை. டைக்ளோஃபெனாக் ஜெல் ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். முழங்காலுக்கு முதலில் அதைப் பற்றிக் கேளுங்கள், தொடைத் தசைக்கான பயிற்சியையும் கற்றுக்கொள்ளட்டும். மாத்திரைதான் வேண்டுமென்றால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டு, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு டாக்டர் எழுதித் தரட்டும். மலம் கறுத்தாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ வலி மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.