நூற்றுக்கு எத்தனை வட்டி?

நம் சிற்றூர்களில் கடன் கேட்கச் செல்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "நூற்றுக்கு எத்தனை வட்டி?" என்பதே. இரண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பதை எழுத்தறியாத மூதாட்டியும் அறிவார். மூன்று வட்டி என்றால் முகம் சுளிப்பார். ஐந்து வட்டி என்றால் அந்தத் திண்ணையிலேயே அமரமாட்டார். இத்துணைக் கணக்கறிவு வாய்ந்த நம் மக்கள், கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை கைக்கு வந்தவுடன் அக்கேள்வியைக் கேட்க மறந்துவிடுகின்றனர். அட்டையைத் தருபவர் "ஐம்பது நாள் வரை வட்டியே இல்லை" என்று கூறுகிறார். அதற்குப் பின் என்ன ஆகும் என்பதை அவரும் விளக்குவதில்லை, நாமும் வினவுவதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக் கொள்ளவேண்டும். உழவர்களுக்கு வழங்கப்படும் கிசான் கடன் அட்டை வேறு. கடைகளில் பொருள் வாங்கப் பயன்படும் கடன் அட்டை வேறு. முன்னது 1998ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம். அதன்வழிப் பெறும் குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு ஆண்டு வட்டி 7 விழுக்காடு. தவணை தவறாது செலுத்துவோருக்கு அது 4 விழுக்காடாகக் குறைகிறது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்புவோர் வட்டியே செலுத்த வேண்டுவதில்லை. பின்னதற்கோ பல வங்கிகள் மாதத்திற்கு 3.5 விழுக்காட்டை ஒட்டி வட்டி விதிக்கின்றன, சிலவற்றில் 3.75 விழுக்காடும் உண்டு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று எண்ணிக் கையொப்பம் இடுவோர், நாலு விழுக்காட்டை நம்பி நாற்பத்திரண்டு விழுக்காட்டில் கால் வைத்தவர் ஆவர்.

மாதம் 3.5 விழுக்காடு என்பதை நம் வழக்கில் கூறினால் நூற்றுக்கு மூன்றரை வட்டி. அதனோடு முடியவில்லை. பயிர்க்கடன், நகைக்கடன் ஆகியவற்றின் வட்டிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. கடன் அட்டையின் வட்டிக்கு மட்டும் 18 விழுக்காடு அவ்வரி உண்டு. அதையும் சேர்த்தால் நூற்றுக்கு நாலு ரூபாய் பதின்மூன்று காசு ஆகிறது. திண்ணையில் அமர மறுத்த மூதாட்டி இதற்கு என்ன சொல்வார் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி ஒரு காகிதமும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு கீழ்க்காணும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறோம். மகளிர் குழுக் கூட்டங்களில் இதனை உரக்கப் படித்துச் சேர்ந்து போட்டுப் பார்ப்பது இன்னும் நன்று.

உழவர் ஒருவர் மாட்டுத் தீவனம் நறுக்கும் இயந்திரம் ஒன்றை 30,000 ரூபாய்க்கு ஜூன் 20ஆம் நாள் அட்டையில் வாங்குகிறார் என்று கொள்வோம். குறுவை அறுவடை ஆனதும் அடைத்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். அட்டைக்குரிய கணக்குப் பட்டியல் ஒவ்வொரு மாதமும் 15ஆம் நாள் எழுதப்படுகிறது. பணம் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 4ஆம் நாள். ஆகவே ஜூலைப் பட்டியலின் பணத்தை ஆகஸ்டு 4க்குள் கட்டவேண்டும். அன்று 30,000 ரூபாயையும் முழுமையாகக் கட்டிவிட்டால் ஒரு காசும் வட்டி இல்லை. நாற்பத்தைந்து நாள் இலவசக் கடன்! இதில் ஏமாற்று ஏதுமில்லை; மாதச் சம்பளக்காரர் பலர் இவ்வாறே பயன்பெறுகின்றனர்.

ஆனால் ஆகஸ்டு 4ஆம் நாள் குறுவைப் பயிர் வயலிலன்றோ நிற்கிறது! பட்டியலில், "கட்டவேண்டிய மொத்தத் தொகை 30,000" என்பதன் அருகில் "குறைந்த அளவுத் தொகை 1,500" என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. உழவர் மனம் நிறைந்து 1,500 ரூபாயைக் கட்டிவிடுகிறார். தவணை கட்டியாயிற்று என்று நினைக்கிறார். உண்மையில் அவர் கட்டியது தாமதக் கட்டணம் வாராமலிருப்பதற்கான தொகையே அன்றி, வட்டி வாராமலிருப்பதற்கான தொகை அன்று.

மொத்தமும் கட்டப்படாததால் இலவச நாட்கள் முற்றிலும் மறைந்துவிடுகின்றன. வட்டி ஆகஸ்டு 4இலிருந்து தொடங்குவதில்லை. பொருள் வாங்கிய ஜூன் 20க்கே பின்சென்று தொடங்குகிறது. 30,000 ரூபாய்க்கு 45 நாள் வட்டி 1,553 ரூபாய். எஞ்சிய 28,500 ரூபாய்க்கு ஆகஸ்டு 15இல் அடுத்த பட்டியல் எழுதும் வரை 11 நாள் வட்டி 361 ரூபாய். வரி 345 ரூபாய். ஆக 2,259 ரூபாய். புதிய பட்டியலில் அவருடைய கடன் 30,759 ரூபாய் என்று நிற்கிறது. 1,500 ரூபாய் கட்டிய பிறகு கடன் குறையவில்லை. 759 ரூபாய் ஏறியிருக்கிறது.

அதிர்ச்சி இத்துடன் நிற்பதில்லை. கடன் வளர்ந்துகொண்டே போகாதவாறு குறைந்த அளவுத் தொகையை அமைக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளில் விதித்துள்ளது. ஆதலின் வட்டியும் வரியும் முழுமையாகவும், அவற்றோடு அசலில் ஒரு பங்கும் சேர்த்துக் கேட்கும் வங்கிகள் உண்டு. அவ்வாறாயின் சென்ற மாதம் 1,500 கட்டியவர் செப்டம்பர் 4ஆம் நாள் 3,684 ரூபாய் கட்டவேண்டும். அதையும் எப்படியோ புரட்டிக் கட்டி, அக்டோபர் 4ஆம் நாள் நெல் விற்ற பணத்தில் முழுவதையும் தீர்த்துவிடுகிறார் என்றே கொள்வோம். மூன்றரை மாதத்திற்கு அவர் கொடுத்த வட்டியும் வரியும் ஏறக்குறைய 4,100 ரூபாய். அதே 30,000 ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காட்டில், அதாவது நூற்றுக்கு ஒரு வட்டியில், நகைக்கடனாக அதே 106 நாட்களுக்கு வாங்கியிருந்தால் வட்டி 1,045 ரூபாயே ஆகியிருக்கும்.

அறுவடைப் பணம் வேறு செலவுக்குப் போய்விட்டது என்றால் நிலைமை மேலும் கடினம். 30,000 ரூபாய் நிலுவை வைத்து, மாதந்தோறும் வட்டி, வரி, அசலில் நூற்றுக்கு ஐந்து என்று குறைந்த அளவை மட்டும் கட்டிவந்தால், ஓராண்டு ஒரு தவணையும் தவறாமல் கட்டிய பின்னும் 16,200 ரூபாய் அசல் நிற்கும். அந்த ஓராண்டில் வட்டிக்கும் வரிக்குமாகச் சென்றது 11,400 ரூபாய். இந்தக் கணக்கிலும் அவர் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை என்றே வைத்திருக்கிறோம். நிலுவை இருக்கும்போது அதே அட்டையில் டீசலோ மளிகையோ வாங்கினால் அவற்றுக்கு இலவச நாள் ஏதும் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். பலரும் அறியாத விதி இதுவே எனலாம்.

அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பதைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. பல வங்கிகளில் அதற்குக் கட்டணம் 2.5 விழுக்காடு அல்லது 500 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. வட்டியும் எடுத்த நாள் முதலே. 5,000 ரூபாய் எடுத்து ஒரு மாதத்தில் திருப்பினால் கட்டணம், வட்டி, வரி மூன்றும் சேர்ந்து 796 ரூபாய் ஆகும். நூற்றுக்குப் பதினாறு வட்டி!

"வட்டியில்லாத் தவணை" என்று கடைவாயிலில் தொங்கும் பலகையைக் கண்டும் மயங்கவேண்டா. வட்டியே இல்லாத கடன் என்பதொன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு எழுதிற்று. வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டினாலும், அவ்வட்டியின்மேல் வரியும் செயற்பாட்டுக் கட்டணமும் நம் தலையில் விழுவதுண்டு. "ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்று கடைக்காரரைக் கேட்டு, தவணைகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் மறைந்திருப்பது வெளிப்படும்.

இவ்வளவு வட்டிக்குச் சட்டத்தில் எல்லை இல்லையா என்று கேட்கலாம். 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அட்டை வட்டி முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20ஆம் நாள் நீக்கிவிட்டது. எனவே இப்போது நமக்குள்ள வேலி நம் கணக்கு ஒன்றே.

அட்டை தீயது என்று நாம் கூறவில்லை. மாதந்தோறும் குறித்த நாளில் பணம் வரும் வீட்டுக்கு அது ஏற்றது. உழவர் வீட்டுக்குப் பணம் வருவது அறுவடையில். அட்டைக்குப் பணம் கேட்பது ஒவ்வொரு மாதமும். இவ்விரண்டு நாட்காட்டிகளும் பொருந்துவதில்லை என்பதே இதன் அடிப்படைக் குறை. பால் சங்கத்தில் தவறாது பணம் பெறுவோர் ஓரளவு ஈடுகொடுக்கலாம். அவர்களும் வாங்கும் பொருளின் விலை முழுவதையும் கடைசி நாளுக்குள் கட்ட இயலுமா என்று பார்த்தபின்பே அட்டையை நீட்டவேண்டும். இயலாதாயின், இயந்திரம் வாங்க மத்திய காலக் கடன் உண்டா எனக் கூட்டுறவுச் சங்கச் செயலாளரையும், உள்கடன் கிடைக்குமா எனக் குழுவையும் முதலில் கேட்பது தக்கது. இரண்டு மாதம் தாமதமாக இயந்திரம் வந்தாலும் மாடு அதுவரை கையால் நறுக்கிய தட்டையைத் தின்னாமல் இராது.

ஏற்கெனவே நிலுவையில் சிக்கியவர்கள் அந்த அட்டையில் புதிதாக வாங்குவதை அன்றே நிறுத்தவேண்டும். குறைந்த வட்டிக் கடன் ஒன்று பெற முடியுமாயின் அதைக்கொண்டு அட்டைக் கடனை அடைப்பதே இலாபம். நிலுவையைத் தீர்த்துவிட்டு அட்டையை மூடக் கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி மூடவேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி நமக்குக் கொடுக்கவேண்டும். கேளாத அட்டையை அனுப்பினாலோ, கணக்கில் தவறு இருந்தாலோ முதலில் வங்கிக்கு எழுத்து மூலம் முறையிட்டு அதன் படியை வைத்துக்கொள்க. முப்பது நாட்களில் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவு தாராவிடினும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்னும் எண்ணில் அழைக்கலாம்.