நெட் நண்பரை நேரில் சந்திக்கப் போகிறீர்களா?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்ற சில மாதங்களிலேயே பலருக்கும் புதிய நண்பர்கள் கிடைத்துவிடுகிறார்கள். சமையல் குரூப், மாடித் தோட்டக் குரூப், பழைய பாட்டு குரூப், செஸ் விளையாட்டு என ஏதோ ஒன்றில் ஒருவர் பழக்கமாவார். பேச்சு வளரும். பிறகு ஒரு நாள், "நேரில் பார்க்கலாமே?" என்று ஒருவர் கேட்பார்.

போகலாமா, கூடாதா? "போகவே கூடாது" என்று சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்று இருக்கும் மிக நல்ல நண்பர்களில் ஒருவர் அப்படிக் கிடைத்தவர்தான். ஆனால் முதல் முறை சந்திக்கும் முன் செய்ய வேண்டிய சில வேலைகள் உள்ளன. சாப்ட்வேர் இன்ஜினியரான எனக்கே அவை தெரிந்திருக்கவில்லை. பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையோடு சேர்த்தே பாடத்தைப் பார்க்கலாம்.

இரண்டரை ஆண்டு "ப்ரோ"

2021 லாக்டவுன் நாட்களில் லீசெஸ் என்ற இலவசத் தளத்தில் செஸ் விளையாடத் தொடங்கினேன். ஆளுக்குப் பத்து நிமிட ஆட்டம். அதில் ஒருவர் அடிக்கடி எதிரே வருவார். குதிரையை வைத்தே என்னைத் தோற்கடிப்பார். ஆட்டம் முடிந்ததும் எந்த இடத்தில் நான் தவறு செய்தேன் என்று பொறுமையாக எழுதுவார். பிறகு டெலிகிராமில் பேசத் தொடங்கினோம். அவர் மதுரை, நான் சென்னை. வயதைக் கேட்கவே தோன்றவில்லை. என் வயதுதான் என்று நானாக முடிவு செய்து "ப்ரோ" என்றே அழைத்தேன். அவரும் மறுக்கவில்லை.

(அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். எனவே இனி "சார்" என்றே குறிப்பிடுகிறேன்.)

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதுரை போகத் திட்டமிட்டேன். "லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறேன், போர்டு கொண்டு வருகிறேன், வாங்க ப்ரோ, நிம்மதியாக விளையாடலாம்" என்று எழுதினேன். பதில் மறுநாள்தான் வந்தது. "ரூமுக்கு வேண்டாம். அதற்கு முன் பத்து நிமிடம் வீடியோவில் பேச வேண்டும். என் மகளும் இருப்பாள். உங்கள் ஆபீஸ் ஈமெயில் முகவரி தர முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டரை ஆண்டு பழகிய பிறகு என்னைத் திருடன் என்று நினைக்கிறாரா? டிக்கெட்டை கேன்சல் செய்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு முகவரியை அனுப்பினேன்.

முதல் வேலை: ஆள் யார் என்று பார்ப்பது

வீடியோ திறந்ததும் அதிர்ச்சி எனக்குத்தான். திரையில் வெள்ளை முடியும் மூக்குக் கண்ணாடியுமாக 61 வயதுப் பெரியவர். "என்ன தம்பி, ப்ரோவைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டதே?" என்று சிரித்தார். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்காமலேயே கற்பனை செய்துகொண்டது நான். இதுதான் முதல் பாடம். நெட்டில் பழகும்போது பாதி ஆளை நாமே மனதில் உருவாக்கி விடுகிறோம். எதிரில் இருப்பவர் ஏமாற்றுக்காரராக இல்லாவிட்டாலும் நம் கற்பனை தவறாக இருக்கலாம்.

அவருடைய மகள் செய்த சோதனைகள் எளிமையானவை. நீங்களும் செய்யலாம்.

1. புரொபைல் போட்டோவைத் தேடுங்கள். நண்பரின் போட்டோவை உங்கள் கம்ப்யூட்டரில் சேவ் செய்து கொள்ளவும். கூகுள் இமேஜஸ் பக்கத்தைத் திறந்து, தேடல் கட்டத்தில் உள்ள கேமரா படத்தில் கிளிக் செய்து, அந்தப் போட்டோவை அப்லோட் செய்யவும். டின்ஐ என்ற தளமும் இதே வேலையைச் செய்யும். அதே படம் வேறு பெயரில், வேறு ஊரில் கிடைத்தால் உஷாராகி விடுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஆள் உண்மை என்று பொருள் அல்ல. அந்தப் படம் தேடலில் சிக்கவில்லை, அவ்வளவுதான்.

2. வீடியோவில் பேசுங்கள். "கேமரா ரிப்பேர்" என்று ஒருவர் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தால் சந்திப்பைத் தள்ளிப் போடுங்கள். இப்போது கம்ப்யூட்டர் மூலம் வேறொருவர் முகத்தை வீடியோவில் பொருத்திக் காட்டவும் முடிகிறது. எனவே முகத்தைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள், கையை முகத்தின் குறுக்கே மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். போலி முகம் பல நேரங்களில் அங்கே கலைந்து தெரியும். நல்ல போலி தப்பிக்கவும் கூடும் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

3. ஈமெயில் சோதனை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மகள் நான்கு இலக்க எண் ஒன்றைத் தானே எழுதி, என் ஆபீஸ் ஈமெயிலுக்கு அனுப்பினார். வீடியோவில் என்னிடம் அந்த எண்ணைக் கேட்டார். சரியாகச் சொன்னேன். நான் சொன்ன கம்பெனியில்தான் வேலை செய்கிறேன் என்பது உறுதியானது. எங்கள் சாப்ட்வேர்களில் நாங்கள் எழுதும் சரிபார்ப்பும் இதுவே. முகவரியில் '@' குறிக்குப் பின் கம்பெனியின் சரியான பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொள்ளவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இது நாமே உருவாக்கிய எண். உங்கள் மொபைலுக்கு பாங்க்கிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ வரும் ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஆதார், பான் கார்டு நகல்களையும் அனுப்ப வேண்டாம். நீங்களும் கேட்க வேண்டாம்.

இரண்டாவது வேலை: இடமும் நேரமும்

சார் சொன்ன இடம் மதுரை ரயில் நிலையம் எதிரே டவுன் ஹால் ரோட்டில் ஒரு பெரிய சைவ ஹோட்டல். நேரம் காலை பத்து மணி. டிபன் கூட்டம் குறைந்திருக்கும், ஆனால் ஆள் நடமாட்டம் இருக்கும்.

முதல் சந்திப்பு எப்போதும் பகலில், பொது இடத்தில். உங்கள் வீடு, அவர் வீடு, லாட்ஜ் அறை, கார் எதுவும் வேண்டாம். உங்கள் சொந்த ஏற்பாட்டில் போய், சொந்த ஏற்பாட்டில் திரும்புங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கிளம்புவது சுலபம். கடைசி நேரத்தில் இடத்தை மாற்றச் சொன்னால், மறுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் இறங்கி, குளித்துவிட்டு ஹோட்டலுக்குப் போனேன். சார் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். காபி வந்தது, போர்டை விரித்தோம். இரண்டு மேசை தள்ளி ஒரு பெண் போனைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார். வீடியோவில் பார்த்த முகம்.

"ஆமாம் தம்பி, என் மகள்தான். அவள் அங்கே இருந்தால்தான் நான் இங்கே நிம்மதியாக விளையாட முடியும்" என்றார் சார். பிறகு, காயை நகர்த்தாமல், ஒரு விஷயத்தைச் சொன்னார்.

சார் சொன்ன விஷயம்

2022-ல் மூன்று வாரம் அவர் ஆட வரவில்லை. கேட்டபோது ஜுரம் என்று சொல்லியிருந்தார். ஜுரம் அல்ல. அந்தச் சமயத்தில் லண்டனில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் அவருக்கு நெட்டில் பழக்கம். நான்கு மாதம் கோயில்களைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். "மீனாட்சியம்மன் கோயிலைப் பார்க்க வருகிறேன், உங்களையும் சந்திக்கிறேன்" என்று அந்த ஆள் தேதியும் சொல்லிவிட்டார். சார் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வரவேற்கத் தயாராக இருந்தார்.

குறிப்பிட்ட நாளில் போன் வந்தது. "டெல்லி ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டேன். கையில் பவுண்டு அதிகம் இருக்கிறதாம். 38,000 ரூபாய் கட்டினால் விட்டுவிடுவார்கள், வந்ததும் தருகிறேன்." பின்னால் 'கஸ்டம்ஸ் அதிகாரி' என்று ஒரு பெண்ணும் பேசினார். சார் அனுப்பினார். பிறகு 47,000. பிறகு 55,000. மொத்தம் 1,40,000 ரூபாய். அதன்பின் அந்த எண் வேலை செய்யவில்லை.

"பணம் போனதைவிட, பாங்க்கில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் ஏமாந்தேன் என்று மகளிடம் எப்படிச் சொல்வது? அதுதான் பெரிதாக இருந்தது" என்றார். இரண்டு மாதம் கழித்துப் பாஸ்புக்கைப் பார்த்து மகளே கண்டுபிடித்தார். போலீசில் புகார் கொடுத்தார்கள். அதற்குள் அந்தக் கணக்குகளில் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். சுங்கத் துறை எந்த வரியையும் தனிநபர் வங்கிக் கணக்கில் கட்டும்படி போனில் கேட்பதில்லை. சந்திப்பதற்கு முன் எந்தக் காரணத்துக்காகவும் பணம் கேட்கும் நண்பர், நண்பர் அல்ல. தவறிப் பணம் அனுப்பிவிட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால் நடுவிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம்.ஜிஓவி.இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம்.

மூன்றாவது வேலை: ஒருவரிடமாவது சொல்வது

"சரி தம்பி, நீங்கள் இங்கே வந்திருப்பது உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்?" என்று சார் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. வேலூரில் இருக்கும் அம்மாவிடம் ஆபீஸ் நண்பர்களோடு டூர் என்று சொல்லியிருந்தேன். நெட்டில் பழகியவரைப் பார்க்கப் போகிறேன் என்றால் பயப்படுவார்கள், கேள்வி கேட்பார்கள், எதற்கு வம்பு என்று நினைத்தேன். அப்போதுதான் உறைத்தது. சார் 2022-ல் செய்த அதே தவறைத்தான் நானும் செய்திருக்கிறேன். அவர் நல்லவராக இருந்ததால் தப்பித்தேன்.

"முதலில் அம்மாவுக்குப் போன் போடுங்கள், அப்புறம் ஆட்டம்" என்றார். போட்டேன். திட்டு விழுந்தது. பிறகு அம்மா சாரின் மகளிடமே ஐந்து நிமிடம் பேசினார்.

எனவே கிளம்பும் முன் யாரைப் பார்க்கிறீர்கள், எங்கே, எந்த எண், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அவருடைய சாட்டைத் திறந்து, அட்டாச் குறியில் லொகேஷன், அதில் "ஷேர் லைவ் லொகேஷன்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என மூன்று அளவுகள் இருக்கும். 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் இருக்கும் இடம் அவருக்கு மேப்பில் தெரிந்துகொண்டே இருக்கும். வீடு திரும்பியதும் நிறுத்திவிடலாம். ஏதேனும் ஆபத்து என்றால் 112.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் உடன் வராமல் போகவே கூடாது. "வீட்டில் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சையே அப்படியே பெற்றோரிடம் காட்டிவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

சந்தித்த மகிழ்ச்சியில் போட்டோ எடுப்போம். எதிரே இருப்பவரின் சம்மதம் இல்லாமல் அதை நெட்டில் போட வேண்டாம். மொபைலில் லொகேஷன் ஆன் ஆகி இருந்தால், எடுத்த இடத்தின் விவரமும் போட்டோ பைலுக்குள் பதிந்திருக்கும். வீட்டில் எடுத்த படம் என்றால் வீடு எங்கே என்று சொல்லிவிடும். ஈமெயிலில் அனுப்பும்போதும், வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட் ஆக அனுப்பும்போதும் அது அப்படியே போகும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டோ மீது ரைட் கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ், பிறகு டீட்டெயில்ஸ் டேப் செல்லவும். கீழே "ரிமூவ் புராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன்" என்று இருக்கும். அதில் கிளிக் செய்து ஓகே கொடுத்தால், அந்த விவரங்கள் நீங்கிய பிரதி ஒன்று தனியாகக் கிடைக்கும். அதையே அனுப்பவும்.

அன்று எனக்குக் கோபம் வரவழைத்த அந்த மூன்று கேள்விகளை இப்போது நானே எல்லோரிடமும் கேட்கிறேன். உண்மையான நண்பருக்கு முதலில் சுருக்கென்றாலும், காரணம் புரிந்தால் ஒத்துழைப்பார். சோதனை செய்வதால் நட்பு முறிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். வீட்டில் சொல்லிவிட்டுப் போக முடிகிற சந்திப்பு என்றால் தைரியமாகப் போய் வாருங்கள்.

அன்று ஹோட்டலில் மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் தோற்றேன். குதிரைதான் காரணம். இன்றும் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஆடுகிறோம். இப்போது "ப்ரோ" இல்லை, "சார்". சில நேரங்களில் அம்மாவும் திரையில் எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று விசாரிப்பார்.