விட்ட பாடத்தைப் பிடிக்கலாம்

கேரளத்தில் கொச்சி நகரம் இருக்கிறது. அந்த நகரத்தின் ஒரு பகுதி கலூர். தமிழ்நாட்டில் இருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் அங்கே உண்டு.

அப்படி ஒரு குடும்பம். அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். மகன் ஊரில் பாட்டி வீட்டில் இருந்து படித்தான். பத்தாம் வகுப்பில் தமிழிலும் சமூக அறிவியலிலும் தேறினான். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றிலும் தவறிவிட்டான். துணைத் தேர்வும் எழுதவில்லை. கலூருக்கு வந்துவிட்டான்.

“இனி என்ன படிப்பு? நாளை முதல் என்னோடு வேலைக்கு வரட்டும்” என்றார் அப்பா.

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. அவர் மாலையில் எழுதப் படிக்கக் கற்று வந்தார். அங்கே ஆசிரியையிடம் கேட்டார்.

“செல்போனிலேயே படிக்கலாமாமே டீச்சர்! படித்தால் தேறிவிடுவானா?”

“வழி இருக்கிறது அக்கா. தமிழ்நாட்டுத் தேர்வைத் தனித்தேர்வராகத் திரும்ப எழுதலாம். இன்னொரு வழி, தேசிய திறந்தநிலைப் பள்ளி. அது 1989-இல் தொடங்கியது. அங்கே ஐந்து பாடங்களில் தேற வேண்டும். முன்பே தேறிய பாடங்களில் இரண்டு வரை கணக்கில் சேர்ப்பார்கள். மீதி மூன்றை எழுதினால் போதும். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது முறை வரை எழுதலாம். பாடங்கள் செல்போனிலும் கிடைக்கும்.”

அம்மாவின் முகம் மலர்ந்தது.

“ஆனால் போனை மட்டும் நம்பக் கூடாது” என்றார் ஆசிரியை. “அமெரிக்காவில் சிகாகோ நகரில் 2011, 2012 ஆண்டுகளில் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் தவறியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி கணினியில் படித்தது. மறு பகுதி ஆசிரியரிடம் நேரில் படித்தது. நேரில் படித்தவர்களில் 100-க்கு 76 பேர் தேறினார்கள். கணினியில் படித்தவர்களில் 100-க்கு 66 பேர் தேறினார்கள்.”

“ஏன் அப்படி?”

“பிள்ளை விழிப்பது ஆசிரியருக்குத் தெரியும். போனுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும். அடிப்படை புரியாத பிள்ளை பாதியில் நின்றுவிடும். 2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் டி.வி.யில் பாடம் தொடங்கினார்கள். டி.வி. இல்லாத பிள்ளைகளுக்கு நூலகங்களில் டி.வி. வைத்தார்கள். பாடம் இருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் ஆளும் வேண்டும்.”

“எனக்குக் கணக்கு தெரியாதே, டீச்சர்.”

“கேட்கத் தெரியுமே! தினமும் கேளுங்கள். புரியாததை நோட்டில் குறித்து வையுங்கள். படிப்பு மையத்தில் நேரடி வகுப்பு உண்டு. அங்கே கேட்கட்டும். ‘இரண்டே மாதத்தில் சான்றிதழ்’ என்று சொல்லிப் பணம் கேட்பவரை மட்டும் நம்பாதீர்கள்.”

அன்று இரவு அம்மா எல்லாவற்றையும் வீட்டில் சொன்னார். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, ஒரு வருடம் பார்ப்போம்” என்றார்.

இப்போது தினமும் இரவு 7 மணிக்கு மகன் போனை எடுக்கிறான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தன் வாசிப்புப் புத்தகத்தைப் படிக்கிறார். எட்டு மணிக்குக் கேட்கிறார்:

“இன்றைக்கு எது புரியலைப்பா?”

அவன் சொல்கிறான். அம்மா நோட்டில் மெல்ல எழுதுகிறார்: “கணக்கு. 2 சந்தேகம்.”

1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் ஆனது. கலூரும் அந்த மாவட்டம்தான். அன்று ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். இன்று அந்த அம்மா தன் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பேசிப் பார்ப்போம்
1. மகன் இன்னும் எத்தனை பாடங்கள் எழுத வேண்டும்?
2. கணக்கு தெரியாத அம்மா மகனுக்கு எப்படி உதவுகிறார்?
3. உங்கள் தெருவில் படிப்பை விட்ட பிள்ளை யார்? அந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் நின்றது? கேட்டு எழுதுங்கள்.