முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள்

பழைய பாணி ஹாட் ராட் ஒன்றைச் சிறு மாடலாகச் செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் நிறத்தைப் பற்றி யோசிக்கிறார்கள், அடுத்து சக்கரங்களைப் பற்றி. என்னைக் கேட்டால், கிட் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஓர் ஆண்டை முடிவு செய்துவிட வேண்டும். நாம் செய்யப்போகும் வண்டி எப்போது ஓடியது? 1941இலா, 1948இலா, 1957இலா? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் எத்தனை ஒயர் இழுத்தாலும், எத்தனை போல்ட் ஒட்டினாலும் மாடல் பொய்யாகத்தான் தெரியும். பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது; ஏதோ உறுத்தும். கூடுதலாக நாலைந்து பாகங்கள் மட்டும் சேர்த்து, அவை அத்தனையும் ஒரே காலத்தவையாக இருந்தால், அந்த வண்டி ஓடி வந்து நின்றதுபோல் இருக்கும். நுணுக்கம் என்பதை நான் எண்ணிக்கையால் அளப்பதில்லை. ஒரு பாகம் இருப்பதற்கு இன்னொரு பாகம் காரணம் சொல்ல வேண்டும்.

இந்த வண்டிகளின் தோற்றமே காரணங்களால் ஆனது. தெற்குக் கலிபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்க்கத்தான் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளைப் பிரித்து மாற்றினார்கள். அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தும் சங்கமான எஸ்சிடிஏ 1937இல் உருவானது. 1932இல் ஃபோர்டு தன் மலிவு விலைக் காரிலேயே 221 கன அங்குல, 65 குதிரைத்திறன் கொண்ட வி8 என்ஜினைக் கொடுத்திருந்தது. அதனால்தான் அந்த ஆண்டின் ரோட்ஸ்டர் இன்றுவரை முதல் விருப்பம். எடையைக் குறைக்க மட்கார்டுகளைக் கழற்றினார்கள். காற்று தடுக்காமலிருக்க முன்கண்ணாடியை எடுத்தார்கள். என்ஜினின் ஒரே வேகத்தில் வண்டி கூடுதல் தூரம் உருள வேண்டும் என்று பின்னால் பெரிய டயர், எடை குறைய முன்னால் சிறிய டயர். முன் ஆக்சிலின் முனைகளைச் சூடாக்கி வளைத்து, வண்டியின் மூக்கைத் தாழ்த்தினார்கள். ஆகவே மாடலில் வண்டி நிற்கும் நிலை சரியாக அமையவில்லை என்றால் மற்ற வேலையெல்லாம் வீண். 1932 ஃபோர்டின் முன், பின் ஆக்சில்களுக்கு இடையே 106 அங்குலம். 1/25 அளவில் 107.7 மி.மீ. ஆக்சில், ஸ்பிரிங், டயர் மூன்றையும் பசையில்லாமல் டேப் போட்டு நிறுத்தி, வண்டியின் உயரத்துக்குக் கண்ணை இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். முன்பக்கத்தை ஒரு மி.மீ. இறக்கினால் நிஜ வண்டியில் அது ஓர் அங்குலம். இந்த ஒரு சோதனைக்கு ஒரு மாலையை ஒதுக்குவது தகும்.

ஆண்டை முடிவு செய்துவிட்டால் என்ஜின் தானாகவே பேசத் தொடங்கும். ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் வி8 முதலில் வந்தபோது ஒவ்வொரு ஹெட்டிலும் 21 ஸ்டட். 1938இல் அது 24 ஆனது. 1948 வரை கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் கேம் ஷாஃப்டின் முன்முனையில் தாழ்வாக உட்கார்ந்திருக்கும். 1949 மாடலில் நிமிர்ந்து நிற்கும். பிளக் ஒயர் எங்கே தொடங்க வேண்டும் என்பதே இதனால் மாறிவிடுகிறது. ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் ஒன்றல்ல, ஹெட்டுக்கு ஒன்றாக இரண்டு. எல்லாவற்றையும்விட அடிக்கடி தவறிப்போவது புகைக்குழாய். ஒரு பக்கம் நான்கு சிலிண்டர்கள், ஆனால் புகை வெளியேறும் வாய்கள் மூன்றுதான். நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே வாய். ஃபிளாட்ஹெட்டின் பக்கத்தில் நான்கு குழாய்களை வரிசையாக ஒட்டிய மாடலை, விஷயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார். 1948 வண்டி என்றால் கரன்ட் கொடுப்பது ஜெனரேட்டர். ஆல்டர்னேட்டர் அமெரிக்கக் கார்களில் வழக்கமாக வரத் தொடங்கியது 1960இல்தான். ஆறு வோல்ட் பேட்டரி என்பதால் அதன் கேபிள் தடித்திருக்கும். செவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 வந்தது 1955இல், எனவே 1948 வண்டியில் அதற்கு இடமில்லை. வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தாலும் இதே கதைதான். 1948 வரையிலான ஃபோர்டுகளில் டிரைவ் ஷாஃப்ட், டார்க் டியூப் என்ற தடித்த குழாய்க்குள் சுழலும். வெளியே தெரியும் மெல்லிய ஷாஃப்டை வைத்தால், பின் ஆக்சிலை எது தாங்குகிறது என்ற கேள்வி எழும். ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939இல். அந்த டிரம்களை மாட்டினால், தரைப்பலகைக்குக் கீழே மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து நாலு சக்கரங்களுக்கும் பைப், முன் சக்கரங்கள் திரும்ப வளையும் ரப்பர் ஹோஸ் எல்லாம் வந்தாக வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஹாட் ராட் என்பதே கையில் கிடைத்ததை மாட்டிய வண்டி. அதற்கு இலக்கணம் வகுப்பது அதன் உயிருக்கே எதிரானதல்லவா என்பார்கள். பாதி உண்மை. 1929 பாடி, 1932 சேசிஸ், 1939 கியர்பாக்ஸ், 1940 ஸ்டியரிங் என்று ஒரே வண்டியில் கலந்து கிடக்கும். ஆனால் அவர்கள் கலந்ததெல்லாம் அன்றைய காயலான் கடையில் கிடைத்தவை. பின்னோக்கிக் கலக்கலாம், முன்னோக்கிக் கலக்க முடியாது. நான் கேட்பதும் இந்த ஒரு கட்டுப்பாட்டைத்தான். அதற்குள் சுதந்திரத்துக்குக் குறைவே இல்லை. இன்னும் சொன்னால், கலப்பு செய்த வண்டிக்குத்தான் காரணம் கூடுதலாகத் தேவை. வேறு கியர்பாக்ஸ் வைத்தால், முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் பழைய விஷ்போன் கம்பி இடிக்கும். அதை நடுவில் அறுத்து இரு பக்கமும் சேசிஸில் பிணைத்திருப்பார்கள். மாடலில் அந்த வெல்டிங் தடத்தைக் காட்டினால், அதைச் செய்த மெக்கானிக்கையே காட்டியதுபோல்.

யார் கவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. மூடிய காருக்கு அது நியாயம். இங்கே பானட்டும் மட்கார்டும் இல்லை. முன் ஆக்சில், ஸ்டியரிங் கம்பி, என்ஜினின் இரு பக்கம் எல்லாம் அலமாரியில் வைத்தபடியே தெரியும். நேரம் குறைவென்றால் தரையின் அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள், முன்பக்கத்தை விடாதீர்கள். சரி, சரியான தகவலுக்கு எங்கே போவது? கிட்டையே ஆதாரமாக நம்பக் கூடாது. ஒரே அச்சிலிருந்து பல பதிப்புகளை வெளியிடுவது கிட் தொழிலின் வழக்கம், அதில் காலங்கள் கலந்துவிடும். இன்று கண்காட்சியில் மின்னும் வண்டிகளையும் ஒரு படி தள்ளியே வைக்கிறேன். பெபிள் பீச் கார் கண்காட்சி 1997இல் ஹாட் ராடுகளுக்குத் தனிப் பிரிவு தொடங்கியது முதல், அவற்றைப் புதுப்பிக்கும் தரம் எங்கோ போய்விட்டது. அந்தப் பளபளப்பு அந்தக் காலத்துப் பையன்களின் பைக்கு எட்டாதது. 1948 ஜனவரியில் தொடங்கிய ‘ஹாட் ராட்’ இதழின் ஆரம்பகாலக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இவற்றைவிட நம்பத்தக்கவை. நிறம் தெரியாது, ஆனால் எது எதில் இணைந்திருந்தது என்பது தெரியும்.

அளவு விஷயத்தில் மட்டும் கணக்கோடு கொஞ்சம் சமரசம் வேண்டும். நிஜ பாடியின் தகடு சுமார் ஒரு மி.மீ.; கிட்டின் பிளாஸ்டிக்கும் அதே ஒரு மி.மீ. என்றால், 1/25 அளவில் அது 25 மி.மீ. சுவராகிறது. முழுவதையும் இழைக்க முடியாது, தேவையுமில்லை. கண்ணில் படும் விளிம்புகளை மட்டும் உள்பக்கமிருந்து சீவி மெலிதாக்கினால் போதும். பெயின்டிலும் இதே கதை: கதவு இடுக்குகள் பெயின்டில் அடைந்துவிடும் என்பதால் பிரைமருக்கு முன்பே அவற்றை ஆழமாகக் கீறிவிடுங்கள், பிறகு மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். லாக்கர் அடிப்பதானால் பிரைமர் கட்டாயம், இல்லையென்றால் பிளாஸ்டிக் வெடிப்பு விடும். ஜன்னலைத் திறந்து, முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். கிட்டின் குரோம் பாகங்களில் அச்சுக் கோடுகள் பூச்சுக்கு அடியில் அப்படியே இருக்கும். வீட்டு பிளீச் திரவத்தில் ஊறவைத்துப் பூச்சை அகற்றி, கோட்டை இழைத்துவிட்டு, அந்த ஆண்டில் உண்மையிலேயே குரோம் பூசியிருப்பார்கள் என்று படும் பாகத்துக்கு மட்டும் திரும்பப் பூசுங்கள். பிளக் ஒயர் நிஜத்தில் 7 மி.மீ., மாடலில் 0.28, கடையில் மாடல் ஒயர் என்று விற்பவை பல இதைவிடத் தடிமன், அவற்றை மாட்டினால் என்ஜின்மேல் தோட்டத்து ஹோஸ் கிடப்பதுபோல் இருக்கும். 0.3 மி.மீ. செம்புக் கம்பியே போதும். அதற்குத் துளை போடும் டிரில் பிட் சட்டென்று உடையும். ஒன்றுக்கு நாலாக வாங்கி வையுங்கள்.