மின்கட்டணம்: முதலாளி யார், கணக்குப்பிள்ளை யார்?



நமது விக்கிரமசிங்கபுரத்துக் கடைவீதியில் மின்கட்டணம் ஏறினால் நாம் கோபித்துக்கொள்வது பணம் வாங்கும் ஊழியரிடம். பக்கத்திலேயே பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 முதல் இருக்க, நமக்கேன் இவ்வளவு கட்டணம் என்கிறோம். கேள்வி நியாயமே, கேட்கும் இடம்தான் வேறு.

1957இல் அமைந்த தமிழ்நாடு மின்சார வாரியம் சட்டப்படி தனி அமைப்பு. கொள்கை விஷயங்களில் மட்டும் அரசின் கட்டளைக்கு உட்பட்டது. ஆனால் கட்டணம் என்பது கொள்கையா, நிர்வாகமா? அந்த எல்லைதான் மங்கிப்போனது.

நம் கடையையே எடுத்துக்கொள்வோம். முதலாளி, "என் உறவினருக்கு மூட்டை அரிசி கொடுத்தனுப்பு" என்கிறார். கணக்குப்பிள்ளை கொடுக்கிறார். அதற்குரிய பணத்தை முதலாளி கல்லாவில் போடாவிட்டால், ஆண்டு முடிவில் நஷ்டம் கணக்குப்பிள்ளையின் திறமைக் குறைவாலா, முதலாளியின் தாராளத்தாலா என்று யாரும் சொல்ல முடியாது. 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானது. அதை நாம் குறை கூறவில்லை. நமது வாடிக்கையாளரும் அவர்களே. பற்றை யார் அடைக்கிறார் என்பதே விஷயம்.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு இதற்காகவே வந்தது: சலுகை தர விரும்பும் அரசு அதற்கான தொகையை முன்கூட்டியே செலுத்தவேண்டும். கட்டணத்தை நிர்ணயிப்பது 1999இல் அமைந்த ஒழுங்குமுறை ஆணையம். 2010இல் வாரியமும் கம்பெனிகளாகப் பிரிந்தது.

ஏட்டில் எல்லாம் சரி. எனினும் 2014 டிசம்பருக்குப் பின் 2022 செப்டம்பர் வரை கட்டணம் திருத்தப்படவில்லை. இடையே 2017இல் உதய் திட்டத்தில் சேர்ந்து, கம்பெனியின் கடனில் 22,815 கோடி ரூபாயை அரசே ஏற்க நேர்ந்தது. பிறகு ஒரேயடியாக உயர்வு வந்தபோது சிறு கடைக்காரர் திணறினார். ஆண்டுதோறும் சிறிது ஏறியிருந்தால் சரக்கு விலையில் சரிக்கட்டியிருக்கலாம். இப்போது ஆண்டு உயர்வு விலைவாசிக் குறியீட்டை ஒட்டி, 6 சதவீத உச்சவரம்புடன் இருக்கிறது.

அதற்காக அரசு முற்றிலும் ஒதுங்கிவிட வேண்டுமென்பதும் நமக்கு ஏற்பில்லை. லாபம் ஒன்றையே பார்த்தால் மலைக் குடியிருப்புக்கு எவர் கம்பி இழுப்பார்?

2022ஆம் ஆண்டு உத்தரவு 2026-27 வரைக்கானது. அடுத்த மனு வரும்போது ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டே ஆகவேண்டும். சங்கத்தின் பெயரில் இரண்டு விஷயங்களை எழுதி அனுப்பலாம்: சிறு கடைகளுக்கான நிலைக்கட்டணம், மானியத் தொகை முன்கூட்டியே செலுத்தப்பட்டதா என்ற கேள்வி.