டோர்ச் லைட்டின் எல்.ஈ.டி.யை மிக அருகிலிருந்து படம்பிடித்தலும் சில எளிய மாற்றங்களும்

2022 மார்ச் இறுதியில் இலங்கையின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தில் வாங்கப்பட்டு, இன்று சாய்ந்தமருதுக் கரையோர வீடுகளின் லாச்சிகளில் உப்புக்காற்றுப் பட்டுக் கிடக்கும் மலிவான 'சூம்' டோர்ச் லைட் ஒன்றே இவ்வேலைக்குப் போதுமானது. அதிலுள்ள எல்.ஈ.டி., பாடநூல்களில் ஒளிகாலும் இருவாயி எனப்படுவது, மின்னோட்டம் ஒரு திசையில் பாயும்போது ஒளியை உமிழும் சிறு சில்லாகும். அணைந்திருக்கையில் அது மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம், நீல ஒளி தரும் சில்லின்மேல் சீரியம் கலந்த மஞ்சள் ஒளிர்பொருள் பூசப்பட்டிருப்பதாகும். நீலத்தில் ஒரு பகுதி மஞ்சளாக மாறி, எஞ்சிய நீலத்துடன் கலந்து வெண்மையாகத் தோன்றுகிறது. ஜப்பானின் நிச்சியா நிறுவனம் 1996 இல் சந்தைக்குக் கொண்டுவந்த இம்முறைக்கு அடிப்படையான நீல எல்.ஈ.டி.க்காகவே அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோர் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

முதலில், எதையும் கழற்றாமல், டோர்ச்சின் தலையை முன்னே இழுத்து ஒளியை வெள்ளைச் சுவரில் குவித்துப் பார்க்க வேண்டும். சுவரில் விழும் சதுரம், முன்னுள்ள குவிவு வில்லை எறியும் சில்லின் தலைகீழ் விம்பமே ஆதலால், சிலவற்றில் குறுக்கே ஓடும் கருங்கோடுகளும் அதில் தென்படும். அதைப் படம்பிடிக்கத் தனி வில்லை எதுவும் தேவையில்லை.

நேரடிப் படத்துக்கு டோர்ச்சின் தலையைக் கழற்றிவிட்டு, கைத்தொலைபேசிக் கமராவின் முன் இன்னொரு வில்லையை ஒட்ட வேண்டும். உருப்பெருக்கம் என்பது ஏறத்தாழக் கமரா வில்லையின் குவியத்தூரத்தை ஒட்டிய வில்லையின் குவியத்தூரத்தால் வகுக்க வருவதாகையால், குவியத்தூரம் நீண்ட டோர்ச்சின் சொந்த வில்லை சதுரத்தை மட்டுமே காட்டும். உடைந்த லேசர் சுட்டியிலிருந்து எடுத்த சிறு வில்லையே சிறந்தது. சீடி இயக்கியின் வில்லை இன்னும் வலியது எனினும் மிக நெருங்க வேண்டியிருப்பதால் எல்.ஈ.டி.யின் குமிழில் முட்டக்கூடும்.

பெரும்பாலோர் தடுமாறுவது ஒளியைக் குறைப்பதில்தான். முழு வெளிச்சத்தில் எரியும் சில்லு, கமராவை எவ்வளவு திருத்தினாலும், வெறும் வெள்ளைப் பொட்டாகவே பதிவாகும். அருகிருந்து நோக்குவது கண்ணுக்கும் தீங்கு. டோர்ச்சின் மங்கல் நிலையை நாடுவதும் பயனற்றது, ஏனெனில் மலிவான டோர்ச்சுகள் ஒளியை உண்மையில் மங்கச் செய்யாமல் விரைவாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன, அந்தத் துடிப்பு படத்தில் கரும்பட்டைகளாக விழுகிறது. மின்னோட்டத்தையே குறைப்பதுதான் வழி. மின்கலத்தைக் கழற்றி வெளியே வைத்து, அதன் நேர்முனையிலிருந்து 1000 ஓம் தடையி ஒன்றின் ஊடாக எல்.ஈ.டி. தகட்டின் நேர்ப் புள்ளிக்கும், எதிர்முனையிலிருந்து நேரே எதிர்ப் புள்ளிக்கும் மெல்லிய கம்பியால் தொடுக்க வேண்டும். முழுதாக ஏறிய 18650 வகை லிதியம் அயன் கலம் 4.2 வோல்ட் தர, அதில் ஏறத்தாழ 2.6 வோல்ட் சில்லுக்குப் போக, எஞ்சும் 1.6 வோல்ட் தடையியில் விழுவதால் பாய்வது 1.6 மில்லி அம்பியர் மட்டுமே. அதுவும் மிகை எனில் 10,000 ஓம் பயன்படுத்தலாம். தடையியை டோர்ச்சின் வால்பக்கத்தில் செருகும் குறுக்குவழி பல நிலை டோர்ச்சுகளில் பலிக்காது. உள்ளிருக்கும் சுற்றுக்கு மின் போதாமல் அது எரியவே மறுக்கும்.

மங்கலாக எரியும் சில்லின்மேல் பக்கவாட்டிலிருந்து வேறொரு விளக்கின் ஒளியை வெள்ளைத்தாளின் ஊடாகப் பாய்ச்சினால், ஒளிர்பொருளின் மணல் போன்ற பரப்பும், சில வகைகளில் மயிரிழைக் கம்பிகளும் தெளிவாகும். குவியத்தைத் திரையில் தொட்டுத் தேடக் கூடாது. தொலைபேசியை நெருப்புப்பெட்டிகளின்மேல் கிடத்தி, அடியில் கடதாசிகளைச் செருகியோ உருவியோ உயரத்தை மாற்றி, ஐஎஸ்ஓவை 100 இல் நிறுத்தி, இரண்டு செக்கன் தாமதத்தில் எடுக்க வேண்டும். குமிழ் மென்மையான சிலிக்கோன் ஆனதால் விரல் பட்டு அழுந்தினால் உள்ளே கம்பி அறுந்துவிடக்கூடும்.

டோர்ச் திறந்திருக்கும்போதே செய்யத்தக்க மாற்றங்களில் முதன்மையானது, முன் வில்லைக்குப் பின்னே வட்டமாக வெட்டிய ரிசுத்தாளை வைப்பது. அதனால் சுவரில் விழும் சதுரம் மறைந்து அறை முழுவதும் சீராக ஒளி பரவும். வலிய எல்.ஈ.டி. பூட்டும் ஆசை பெரும்பாலும் வீண், ஏனெனில் வெப்பம் வெளியேற வழியில்லாத மெல்லிய உடலில் அது சூடேறிச் சில நிமிடங்களிலேயே மங்கிவிடும். 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 கலத்தையும் நம்ப வேண்டியதில்லை; நல்ல கலமே 3500 மில்லி அம்பியர் மணியைத் தாண்டுவது அரிது. வாலிலுள்ள சுருளில் படிந்த பச்சைக் களிம்பைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து அகற்றுவது, இழந்த வெளிச்சத்தை மீட்டுத் தரக்கூடும். மூடும்போது சுப்பர் குளுவை உள்ளே எங்கும் இடக் கூடாது. அதன் ஆவி அடைபட்ட தலைக்குள் சிலிக்கோன் குமிழில் ஊறி, எரியும் சூட்டில் அதைப் பழுப்பாக்கிவிடும்.