எந்த ஊரில் குடியேறுவது?

விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, விருத்தாசலம், கடலூர், காட்பாடி, புதுச்சேரி என ஐந்து பக்கம் இருப்புப் பாதைகள் பிரிகின்றன. திண்டிவனத்திலும் இப்படியே, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரிந்து செல்கின்றன. வண்டி ஏறுமுன் அது எங்கே போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை இவ்விரு ஊராருக்கும் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கடல் கடந்து பிழைக்கச் செல்லும் நம் இளைஞர்களோ, 'எந்த ஊர்?' என்று கேட்குமுன் 'எவ்வளவு சம்பளம்?' என்று கேட்கின்றனர். ஜும்ஆ முடிந்ததும் ஓரிருவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத்! இரண்டு ஊர்களில் வேலை கிடைக்கிறது. மார்க்கப்படி எதற்குப் போகலாம்?" என வினவுகின்றனர். இப்படிக் கேட்பவர் சிலரே. கேட்காமல் குடும்பத்தோடு போய்விட்டு, 'பிள்ளைக்கு அத்தஹிய்யாத் கூடத் தெரியவில்லையே!' என்று பின்னர் கண் கலங்குவோர் உண்டு. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம்.

ஒரு தந்தையின் துஆ

மனைவி மக்களுக்காக ஊர் தேர்ந்த ஒரு தந்தையின் வரலாறு திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைகட்டளைப்படி தம் குடும்பத்தை மக்காவின் வறண்ட பள்ளத்தாக்கில் குடியமர்த்தினார்கள். அப்போது அன்னார் கேட்ட துஆவின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவ்வூர் அச்சமற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்து, தம் சந்ததியினர் தொழுகையை நிலைநாட்ட வேண்டும் என்றார்கள். பிறகு, மனிதர்களின் உள்ளங்கள் அவர்கள்பால் சாய வேண்டும் என்று வேண்டினார்கள். இம்மூன்றையும் கேட்ட பின்னரே கனிவகைகளைக் கேட்டார்கள். உணவு கேட்கப்படாமல் விடப்படவில்லை. ஆனால் அதன் இடம் நான்காவது. நாமோ நான்காவதை முதலாவதாக்கி, மற்ற மூன்றையும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்.

முதலாவது: அச்சமின்மை

மக்காவில் துன்பம் பொறுக்க முடியாமற் போனபோது, கி.பி. 615இல் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை ஹபஷா நாட்டுக்கு அனுப்பினார்கள். அது முஸ்லிம் நாடன்று. அதன் அரசர் நஜ்ஜாஷி அப்போது கிறிஸ்தவர். அங்கே யாருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. நாட்டின் பெயர் மட்டும் போதாது, அங்குள்ள நீதியையும் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது. மார்க்கத்தை வெளிப்படையாகப் பின்பற்ற முடியுமானால் முஸ்லிமல்லாத நாட்டில் தங்குவதும் சிறப்பே. அதனால் பிறர் இஸ்லாத்தை அறிய வாய்ப்புண்டு என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் கருதினார்கள். மார்க்கத்தைப் பேண முடியாத இடத்தில், வெளியேறச் சக்தி இருந்தும் தங்கியிருப்பவரைத் திருக்குர்ஆன் (4:97) கண்டிக்கிறது.

இரண்டாவது: தொழுகை

ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள் குபாவில் தங்கிய சில நாட்களுக்குள்ளேயே அங்கு பள்ளிவாசல் எழுந்தது. நாம் போகும் ஊரில் பள்ளிவாசல் எங்கே? ஜும்ஆவுக்கு விடுவார்களா? ஒரே நாட்டிற்குள்ளும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. 2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகம் வார விடுமுறையை மாற்றியபோது, துபாய் அரசு அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை அரைநாள் வேலையாயிற்று. ஷார்ஜா அரசோ வெள்ளி முழுவதையும் விடுமுறையாகவே வைத்துக்கொண்டது. தனியார் வேலைக்குச் செல்பவர் இதைத் தம் ஒப்பந்தத்தில் கேட்டறிய வேண்டும். வாடகை குறைவென்று ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை பார்ப்பவர்கள், மஃரிப் நேரம் சாலை நெரிசலில் கழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடக்கே செல்லச் செல்லக் கோடையில் பகல் நீளும். சிங்கப்பூரில் நோன்பு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 13 மணி நேரமே. லண்டனில் ஜூன் மாதத்தில் அது 18 மணி நேரத்தைத் தாண்டும். அந்நாட்களில் அந்தி ஒளி முழுதும் மறையாததால் இஷா நேரத்தைக் கணிப்பதற்கும் உலமாக்களின் வழிகாட்டல் தேவை. அங்கே குடியேறுவது குற்றமன்று. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

மூன்றாவது: மனிதர்கள்

வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைத் தேடு என்பது அரபிகளின் பழமொழி. நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். பினாங்கில் 1801இல் காதிர் முஹையித்தீன் அவர்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளியும், சிங்கப்பூரில் 1826இல் சூலியா முஸ்லிம்கள் தொடங்கிய ஜாமிஆ பள்ளியும் இன்றும் நிற்கின்றன. பொருள் தேடிச் சென்றவர்கள் கூடி வாழ இடமும் தேடினார்கள்.

பிள்ளைக்கு ஓதிக்கொடுப்பவர் யார்? மனைவிக்குப் பிரசவ நேரத்தில் துணை யார்? மையித்தை அடக்க இடம் உண்டா? இவற்றைக் கேளுங்கள். மனைவியை ஊரிலேயே விட்டுச் செல்பவர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று உமர் (ரலி) அவர்கள் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்து, போர்வீரர்களுக்குக் காலவரம்பு வைத்தார்கள். அது நான்கு மாதமென்றும் ஆறு மாதமென்றும் அறிவிப்புகள் உள்ளன. நம்மவர்களோ இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகிறார்கள்! குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடிகிற ஊர், சம்பளம் குறைந்தாலும் மேலானதே.

நான்காவது: வருவாய்

மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், அன்ஸாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். ஆகவே வருவாயைக் கணக்கிடுவது மார்க்கத்துக்குப் புறம்பன்று. ஆனால் கணக்கை முழுமையாகப் போட வேண்டும். ஸஊதி அரசு 2017 ஜூலையில் உடன் வசிக்கும் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. 2020இல் அது 400 ரியாலாயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1,600 ரியால்! இதை எண்ணாமல் குடும்பத்தை அழைத்துச் சென்றுவிட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் பலர்.

கடன்பட்டவரின் நிலை வேறு. கடனை அடைப்பது கடமை. தொழுகைக்குத் தடையில்லாத ஊராயின், அவர் தவணை வைத்துக்கொண்டு கூடுதல் சம்பளமுள்ள இடத்துக்குச் செல்லலாம். கடன் தீர்ந்த பின்னும் தவணையை நீட்டிக்கொண்டே போவதுதான் ஆபத்து.

ஒரு மஸ்அலா

வெளிநாட்டில் இருக்கும்வரை நாம் முஸாஃபிர்தானே என்று சிலர் ஆண்டுக்கணக்கில் கஸ்ராகத் தொழுகின்றனர். இது தவறு. ஓர் ஊரில் ஷாஃபிஈ மத்ஹபின்படி, போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களும், ஹனஃபி மத்ஹபின்படி 15 நாட்களும் தங்க நிய்யத் வைத்தவர் முகீம் ஆகிவிடுகிறார். தொழுகையை முழுமையாகவே தொழ வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் பெற்றோரிடமும் மனைவியிடமும் கலந்து பேசுங்கள். அவ்வூரில் வாழும் நம்மவர் ஒருவரிடம் மேற்கண்ட நான்கையும் இதே வரிசையில் கேளுங்கள். பின்னர் இஸ்திகாரா தொழுங்கள். நல்ல ஊரிலும் தொடக்கத்தில் துன்பம் வரலாம். மதீனாவுக்கு வந்ததும் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் காய்ச்சலில் விழுந்தார்கள். பிலால் (ரலி) அவர்கள் மக்காவை எண்ணி ஏங்கினார்கள். அவ்வூரை நேசத்துக்குரியதாக்கும்படி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் எங்கு வாழ்ந்தாலும் தொழுகையாளிகளாக வாழச் செய்வானாக! ஆமீன்.